14 அலகு குறைந்து வந்த உச்சிகள்: என் அனுபவம்

முட்டை வெண்கருப் புரதத்திலிருந்து பிரித்த சர்க்கரைச் சங்கிலிகளின் ஐதரொட்சில் (OH) கூட்டங்களை மெதயிலேற்றிய பின்னரே, அதாவது அவற்றின் ஐதரசனுக்குப் பதிலாக மெதயில் (CH₃) கூட்டத்தைச் சேர்த்த பின்னரே, மூலக்கூறுகளின் திணிவை உச்சிகளாகக் காட்டும் திணிவு நிறமாலைக்கு அனுப்புவேன். இம்முறை ஒவ்வொரு பெரிய உச்சிக்கும் முன்னே 14, 28 அலகுகள் குறைந்த சிறு உச்சிகள் வரிசையாக நின்றன. ஒரு மெதயில் ஏறினால் திணிவு 14 அலகு கூடும்; ஆகவே ஒன்றிரண்டு கூட்டங்கள் மெதயில் ஏறாமலே தங்கிவிட்டன என்பதே அதன் பொருள்.

மெதயில் கூட்டத்தை வழங்கும் மெதயில் அயடைட்டு பழுதாகியிருக்கலாம் என்று எண்ணி, நிறமற்ற திரவமுள்ள புதிய போத்தலைத் திறந்தேன், பயனில்லை. மாதிரியை மறுபடியும் உறையவைத்து உலர்த்தினேன். தாக்கத்துக்கு வேண்டிய காரமாகிய சோடியம் ஐதரொட்சைட்டு வில்லைகளை வேகமாக அரைத்து உடனே சேர்த்தபோது அவ்வுச்சிகள் சிறுத்தனவே தவிர மறையவில்லை. நான்கு நாட்கள் இப்படியே கழிந்தன.

கரைப்பானாகிய இருமெதயில் சல்பொட்சைட்டு ஏறத்தாழ 18.5 பாகை செல்சியசில் உறைந்துவிடும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த போத்தலைக் குளிர் ஆறுமுன்னரே திறந்து, அது உருகும்வரை மேசையில் வைப்பது என் வழக்கமாக இருந்தது. மட்டக்களப்பில், களப்புக் காற்று சன்னல் வழியே நுழையும் மாரிகால முற்பகலொன்றில், போத்தல் கழுத்தின் உட்புறத்தில் வியர்வைபோல் நுண்துளிகள் படிந்திருந்ததை அன்றுதான் கண்டேன். இக்கரைப்பான் நீரை விரைந்து உறிஞ்சும். நீர் கலந்தால் மெதயிலேற்றம் முழுமையடையாது.

புதிய கரைப்பானை அறை வெப்பநிலையிலேயே, சூடேற்றி உலர்த்திய, நீரைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூற்றுச் சல்லடை மணிகளின் மேல் இரவு முழுவதும் மூடிவைத்து, இரப்பர் மூடியை ஊசியால் துளைத்து வேண்டிய அளவை மட்டும் எடுத்தேன். அடுத்த நிறமாலையில் பெரிய உச்சிகள் மட்டுமே நின்றன. பெரும் ஆறுதலாக இருந்தது.