மீன்கொத்திக்குப் பின்னால் பளிச்சிட்ட வானம்

பள்ளிக்கரணையில் எடுத்த வெண்மார்பு மீன்கொத்திப் படம். பறவை கூர்மையாகப் பதிவாகியிருந்தது. ஆனால் பின்னால் சீமைக் கருவேலம், அதன் சந்துகளில் வெள்ளை வெள்ளையாய் வானம். கண் முதலில் அங்கேதான் போனது.

படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில், முக்கியப் பொருளைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் 'செலக்ட் சப்ஜெக்ட்' போட்டேன். பறவையைச் சரியாகப் பிடித்தது, அது உட்கார்ந்திருந்த குச்சியை விட்டுவிட்டது. குச்சியைச் சேர்க்காமல் பின்னணியை மங்கலாக்கினால், பறவையின் காலடியிலேயே கிளை கரைந்துபோகும். பார்த்தவுடன் போலி என்று தெரிந்துவிடும். பிரஷ் எடுத்துக் குச்சியையும் சேர்த்தேன். அலகு நுனியை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி ஓரத்தைத் திருத்தினேன். அப்புறம் மாஸ்க்கை, அதாவது தேர்ந்தெடுத்த பகுதியை, பின்னணி மட்டும் மாறும்படி தலைகீழாக்கி, பளிச்சிடும் இடங்களைக் கட்டுப்படுத்தும் ஹைலைட் -70, நுண்விவரத்தைத் தூக்கிக் காட்டும் டெக்ஸ்சரும் கிளாரிட்டியும் -40, நிறச்செறிவு கொஞ்சம் குறைவு. மொத்த வெளிச்சமான எக்ஸ்போஷரை மட்டும் அரை ஸ்டாப்புக்கு மேல் இறக்கவில்லை (ஒரு ஸ்டாப் இறக்கினால் வெளிச்சம் பாதியாகும்). இறக்கினால் சாமி படம் மாதிரி பறவையைச் சுற்றி ஒளிவட்டம் வந்துவிடுகிறது.

முழுக்க வெளுத்துப்போன இடங்களில் ஹைலைட்டைக் குறைத்துப் பயனில்லை; அங்கே விவரமே பதிவாகவில்லை, சாம்பல் திட்டுதான் கிடைக்கும். அவற்றைப் பக்கத்து இலைப் பச்சையை எடுத்து, சுற்றியுள்ள நிறத்தோடு கலந்து ஒட்டும் ஹீல் கருவியால் மூடினேன். வாலை ஒட்டியிருந்த ஒன்றில் ஹீல் செய்தால் வாலின் நீலம் கசிகிறது, அதற்கு, எடுத்ததை அப்படியே நகலெடுத்து ஒட்டும் க்ளோன்தான் சரி.

இயற்கைப் படப் போட்டிகள் பலவற்றில் இப்படி எதையும் அழிக்கக் கூடாது. அங்கே அனுப்புவதற்கு ஹீல், க்ளோன் இல்லாத பிரதி ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன்.