சுஸ்டன், கிரிம்சல், ஃபுர்கா: ஸ்போர்ட்ஸ் காரில் திடீரென்று கிளம்புபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுவிட்சர்லாந்தின் நடுப்பகுதியில் சுஸ்டன், கிரிம்சல், ஃபுர்கா என்ற மூன்று மலைக்கணவாய்கள் ஒரு முக்கோணமாக அமைந்திருக்கின்றன. ஆண்டர்மாட்டிலிருந்து காலையில் கிளம்பி, வாஸன் வரை இறங்கி, மூன்றையும் ஏறி இறங்கி மாலைக்குள் அதே ஊருக்குத் திரும்பிவிடலாம். மொத்தம் சுமார் 120 கிலோமீட்டர். சுவிஸில் சொந்தபந்தம் உள்ளவர்கள், வேலைக்கு வந்தவர்கள், கோடையில் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் எனப் பலரும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் கிளம்புகிறார்கள். அப்படித் திடீரென்று கிளம்புவது நல்ல விஷயம்தான். எங்கே நிற்பது, எங்கே சாப்பிடுவது என்பதை அப்போதைக்கு அப்போது முடிவு செய்யலாம். பிரேக், டயர், வானிலை இந்த மூன்றையும் மட்டும் அப்படி விடக்கூடாது.

முதலில், பாதை திறந்திருக்கிறதா என்று பார்க்காமல் போவது. மூன்று கணவாய்களுமே 2,100 மீட்டருக்கு மேல் இருப்பவை. ஃபுர்கா 2,429 மீட்டர். கீழே சூரிச்சில் மே மாத வெயில் அடித்தாலும் மேலே பாதை பனிக்குள் கிடக்கும். பொதுவாக ஜூன் முதல் அக்டோபர் வரைதான் ஓட்ட முடியும். அதற்கு நடுவிலும் ஒரு நாள் பனி பெய்து மூடிவிடுவது உண்டு. ஏறும் இடத்தில் சாலையோரப் பலகையில் கணவாயின் பெயரும் அது திறந்திருக்கிறதா என்ற விவரமும் இருக்கும். ஆனால் அதுவரை போய்ப் பார்ப்பதைவிட, கிளம்பும் முன் போனில் பார்ப்பது நல்லது.

அடுத்தது வழிகாட்டி ஆப். அதன் வேலை சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. கொஞ்சம் விட்டால் நெடுஞ்சாலைக்கும் சுரங்கத்துக்கும் தள்ளிவிடும். கணவாய்களின் பெயரை ஒவ்வொன்றாக இடைநிறுத்தமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். 120 கிலோமீட்டர்தானே, இரண்டு மணி நேரம் போதும் என்றும் கணக்குப் போடாதீர்கள். வளைவுகள், சைக்கிள்காரர்கள், பஸ்கள், நடுரோட்டில் நிற்கும் மாடுகள் எல்லாம் சேர்ந்தால் ஓட்டுவதற்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஃபுர்கா சாலையோரம் உள்ள ரோன் பனியாற்றைப் பார்க்க இறங்கினால் இன்னும் கூடும்.

வாடகை ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது பலரும் செய்கிற வேலை. ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரம்பு இருக்கும், முன்பணமாகப் பெரிய தொகையை கிரெடிட் கார்டில் நிறுத்திவைப்பார்கள். டயர், சக்கர விளிம்பு, வண்டியின் அடிப்பாகம் ஆகியவை காப்பீட்டில் வருமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். தாழ்ந்த வண்டி மலையில் அடிபடுவது இந்த மூன்று இடங்களில்தான். வண்டியை ஜெர்மனியிலோ இத்தாலியிலோ எடுத்திருந்தால் சுவிஸ் நெடுஞ்சாலைக்கான 40 ஃபிராங்க் கட்டண வில்லையும் (விக்னெட்) வேண்டும். கணவாய்ச் சாலைக்கு அது தேவையில்லை, ஆனால் அங்கே போய்ச் சேரும் நெடுஞ்சாலைக்குத் தேவை. இல்லாமல் பிடிபட்டால் 200 ஃபிராங்க் அபராதம்.

பெட்ரோலை ஆண்டர்மாட்டிலேயே நிரப்பிவிடுங்கள். ஏற்றத்தில் இந்த வண்டிகள் குடிக்கிற வேகமே வேறு.

டயரைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. ஸ்போர்ட்ஸ் காருக்குப் போடும் கோடைக்கால டயரின் ரப்பர், குளிரில் இறுகிவிடும். ஏழு டிகிரிக்குக் கீழே பிடிமானம் நன்றாகவே குறையும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறைகிறது. அடிவாரத்தில் காலை 15 டிகிரி என்றால் உச்சியில் ஐந்துதான். வெயில் படாத வளைவில், பனி உருகி வழிந்த ஈரத்தின் மேல், அந்த டயரை நம்பி ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். முதல் பத்து, பதினைந்து கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி டயரைச் சூடேற்றுங்கள். உயரத்தில் காற்றும் அடர்த்தி குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் நூறு மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் வலுவை இழக்கும். அதாவது ஃபுர்கா உச்சியில் கிட்டத்தட்ட கால் பங்கு வலு கிடையாது. கீழே சுலபமாக முந்தியது போலவே மேலேயும் முந்திவிடலாம் என்று எதிர்ப்பக்கம் ஏறிவிடாதீர்கள்.

நம் ஊரிலும் இலங்கையிலும் ஓட்டிப் பழகியவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. சுவிஸில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். ஊருக்குள் பிரச்சினை இல்லை, முன்னால் போகும் வண்டியைப் பார்த்தே சரியாகப் போய்விடுவோம். கணவாய் உச்சியில் போட்டோ எடுத்துவிட்டு, ஆளில்லாத சாலையில் மறுபடி கிளம்புகிற அந்த நிமிஷத்தில்தான் கை தானாக இடப்பக்கம் திருப்பும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம், ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் “வலது” என்று சொல்லச் சொல்லுங்கள்.

கொண்டை ஊசி வளைவில் மஞ்சள் நிற அஞ்சல் பஸ் (அஞ்சல் நிறுவனம் நடத்தும் பயணிகள் பஸ்) வந்தால் ஓரம்போய் நில்லுங்கள். நீலப் பலகையில் மஞ்சள் ஊதுகொம்பு வரைந்திருந்தால் அது அஞ்சல் பஸ் செல்லும் மலைச்சாலை. அதில் பஸ்ஸுக்குத்தான் முன்னுரிமை, ஓட்டுநர் கை காட்டினால் கேட்டாக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வளைவுக்கு அப்பாலிருந்து மூன்று சுரத்தில் ஒரு ஹாரன் ஒலிக்கும். இத்தாலிய இசையமைப்பாளர் ரொஸ்ஸினியின் ‘வில்லியம் டெல்’ இசை நாடகத்தின் முன்னிசையிலிருந்து எடுத்த சுரங்கள் அவை. கேட்க இனிமையாக இருக்கும். பாதை முழுவதும் எனக்கு வேண்டும் என்பதே அதன் பொருள். பாட்டுச் சத்தத்தைக் குறைத்து, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். குறுகலான இடத்தில் இரண்டு வண்டி எதிர்ப்பட்டால் முதலில் நிற்க வேண்டியது இறங்கி வருபவர்.

ஏறுவதுதான் கஷ்டம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் விபத்துக்கு இட்டுச் செல்வது இறக்கம். சுஸ்டன் உச்சியிலிருந்து மேற்கு அடிவாரத்து ஊரான இன்னர்ட்கிர்ஹன் வரை ஏறக்குறைய 28 கிலோமீட்டரில் 1,600 மீட்டர் இறங்குகிறோம். ஆட்களோடு 1,600 கிலோ எடையுள்ள வண்டி இவ்வளவு இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் ஏழு யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியை ஏழு மணி நேரம் ஓட விடுவது போல. எஞ்சினும் எதிர்க்காற்றும் தாங்காத மிச்சமெல்லாம் பிரேக் தட்டில் சூடாக இறங்குகிறது. நேர்ச்சாலையில் ஆக்சிலேட்டர், வளைவில் அழுத்தமான பிரேக், மறுபடி ஆக்சிலேட்டர் என்று ஓட்டினால் அந்தச் சூடு இன்னும் பல மடங்கு.

சூடு ஏறினால் பிரேக் ஆயில் கொதிக்கும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிவரை தாங்க வேண்டும் என்பது தரவிதி. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் சேர்ந்த ஆயிலுக்கு அந்த எல்லை 155 டிகிரிதான். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி. பெடலை மிதித்தால் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. வாடகை வண்டியில் ஆயிலை எப்போது மாற்றினார்கள் என்று உங்களுக்குத் தெரியப் போவதில்லை. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று ஊட்டி மலைப்பாதை ஓட்டுநர்கள் சொல்வது இங்கேயும் பொருந்தும். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் மேனுவல் முறைக்கு மாற்றி, இரண்டாவது, மூன்றாவது கியரில் எஞ்சின் இழுத்துப் பிடிக்க விடுங்கள். வளைவுக்கு முன் நேர்ச்சாலையிலேயே பிரேக்கை உறுதியாகப் பிடித்து விட்டுவிடுங்கள். வழி நெடுக லேசாக அழுத்திக்கொண்டே இறங்கக் கூடாது. கருகல் வாடை வந்தாலோ பெடல் தொளதொளத்தாலோ, பெடல் வேலை செய்யும்போதே அடுத்த ஒதுக்கிடத்தில் நிறுத்துங்கள். சமதரையாக இருந்தால் கை பிரேக் போடாமல் கியரிலோ ‘பி’யிலோ விட்டு, அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், சூடான தட்டு விரிசல் விடும்.

வேகம் பற்றி ஒரே விஷயம். இந்தச் சாலைகளில் ஊருக்கு வெளியே எல்லை 80. அதை 60 கிலோமீட்டர் தாண்டி 140ஐத் தொட்டால் சுவிஸ் சட்டத்தில் அது குற்ற வழக்கு. நான்கு ஆண்டுவரை சிறை, வண்டிப் பறிமுதல் எல்லாவற்றுக்கும் இடமுண்டு. கிராமத்துக்குள் எஞ்சினை உறுமவிடுவதும் வேண்டாம். அந்த வீடுகளில் இருப்பவர்கள் கோடை முழுக்க இந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கோடை மாலைகளில் இடிமழை சட்டென்று வரும், அதனால் விடியற்காலையிலேயே கிளம்புங்கள். அப்படியும் கடைசிக் கணவாயான ஃபுர்காவை மேகம் மூடிவிட்டால், இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று ஏறாதீர்கள். கிரிம்சல் இறங்கியதும் ஃபுர்கா ஏற்றம் தொடங்கும் இடம் கிளெட்ச். அங்கிருந்து சில கிலோமீட்டர் கீழே இறங்கினால் ஓபர்வால்ட். ஓபர்வால்டில் காரை ரயிலில் ஏற்றினால், சுமார் 15 கிலோமீட்டர் சுரங்கம் வழியாக மலைக்கு அந்தப் பக்கம் ரியால்ப்பில் இறக்கிவிடுவார்கள். ஆண்டர்மாட் அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிஷம்தான்.