மாயாபஜார் இரவு: வீட்டிலேயே கல்யாண சமையலும் கதாயுதமும்

குடும்பத்தோடு படம் பார்க்க உட்கார்ந்தால் பத்தாவது நிமிடத்தில் ஆளுக்கொரு போனை எடுத்துக்கொள்கிறோம். இதற்கு நான் கண்ட நல்ல வழி, படத்தில் வரும் சாப்பாட்டைச் சமைத்து, படத்தில் வரும் பொருளைப் பிள்ளைகள் கையாலேயே செய்யவைத்து, அப்புறம் படத்தைப் போடுவது. முதல்முறை செய்கிறவர்களுக்கு 1957இல் வந்த 'மாயாபஜார்' மாதிரி தோதான படம் கிடையாது. கே. வி. ரெட்டி தமிழிலும் தெலுங்கிலும் இயக்கியது. ரங்காராவ் கடோத்கஜனாக வந்து கல்யாணச் சாப்பாடு முழுவதையும் ஒரே ஆளாகத் தின்று தீர்க்கும் பாட்டு இதில்தான் வருகிறது. என்ன சமைப்பது என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்ளவே வேண்டாம், பாட்டே சொல்லிவிடுகிறது: பஜ்ஜி, சொஜ்ஜி, புளியோதரை, பூரி கிழங்கு.

1. முதலில் நேரத்தைத் திட்டமிடுங்கள்

படம் ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடும். சனிக்கிழமை மாலை ஐந்தரைக்குத் தொடங்கினால் சின்னப் பிள்ளைகளும் கடைசிவரை தாங்குவார்கள். முந்தின நாளே படத்தை ஓட்டிப் பார்த்து, சாப்பாட்டுப் பாட்டு எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். அது பின்பாதியில் வரும். நம் பந்தி அந்த நேரத்தில்தான். தெலுங்குப் படத்துக்கு 2010இல் வண்ணம் தீட்டினார்கள் என்றாலும், கறுப்பு வெள்ளையிலேயே பாருங்கள் என்பேன். மார்கஸ் பார்ட்லி படம்பிடித்த நிலா வெளிச்சம் அதில்தான் நிலா வெளிச்சமாக இருக்கிறது.

2. கதாயுதம்: வியாழக்கிழமையே தொடங்க வேண்டும்

காய நேரம் வேண்டும், அதனால்தான் வியாழன். தேவையானவை: ஒரு பலூன், பழைய செய்தித்தாள், மைதா, மஞ்சள் பெயின்ட், ஜிகினாத் தாள்.

பசையை நாமே காய்ச்சலாம். இரண்டு மேசைக்கரண்டி மைதாவைக் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு டம்ளர் கொதிக்கும் தண்ணீரில் ஊற்றிக் கிளறினால் இரண்டு நிமிடத்தில் கண்ணாடி மாதிரி பளபளப்பாகக் கெட்டிப்படும். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமலிருக்க இதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் கை வைக்கும் பசையில் கூடவே கூடாது.

பலூனைத் தேங்காய் அளவுக்கு ஊதிக் கட்டுங்கள். செய்தித்தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கையால் கிழியுங்கள். கத்தரியால் வெட்டினால் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும், கிழித்த ஓரம்தான் படிந்து ஒட்டும். துண்டைப் பசையில் தோய்த்து, இரண்டு விரலுக்கு நடுவில் இழுத்து அதிகப்படிப் பசையை வழித்துவிட்டு ஒட்டுங்கள். முதல் சுற்று நெடுக்காக, அடுத்தது குறுக்காக, மூன்றாவது மறுபடி நெடுக்காக. மூன்று சுற்று போதும். வெயிலில் வைக்காதீர்கள், பலூனுக்குள் இருக்கும் காற்று விரிந்து வெடித்துவிடும். மின்விசிறிக்குக் கீழே ஒரு நாள் முழுக்கக் காயட்டும். தட்டினால் டொக் டொக்கென்று சத்தம் வந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

பிறகு பலூனைக் குத்தி உருவிவிட்டு, அந்த ஓட்டை வழியாகச் செய்தித்தாளை இறுக்கிச் சுருட்டிய பிடியைச் செருகி, சுற்றிலும் காகிதத் துண்டுகளை ஒட்டிப் பூட்டுங்கள். பெயின்ட் அடித்து, ஜிகினாத் தாளை வளையமாக ஒட்டினால் கதாயுதம் தயார். எடையே இருக்காது, தம்பி தலையில் அக்கா போட்டாலும் வலிக்காது.

கிரீடத்துக்குச் சார்ட் அட்டை போதும். தலையை ஒரு நூலால் அளந்து, அதைவிட ஒரு அங்குலம் கூட்டி வெட்டி, மேல் ஓரத்தைக் கூராக்கி, சமிக்கி ஒட்டுங்கள்.

3. மாயப் பெட்டி

படத்தில் ஒரு பெட்டி வரும். திறந்து பார்க்கிறவருக்குப் பிரியமானவர் அதில் தெரிவார். வத்சலாவாக வரும் சாவித்திரி அதில் அபிமன்யுவைப் பார்ப்பார். இதைச் செருப்புப் பெட்டியில் செய்யலாம்.

பெட்டிக்கு உள்பக்கம் முழுக்கக் கறுப்புத் தாள் ஒட்டுங்கள். குறுகலான ஒரு பக்கத்தில் கண் வைத்துப் பார்க்க ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு துளை. எதிர்ப்பக்கச் சுவரை ஒட்டி, மூடியில் ஒரு கீறல் போட்டால் அதன் வழியாகப் புகைப்படத்தைச் செருகலாம். புகைப்படத்துக்குக் கொஞ்சம் முன்னால், மூடியில் இன்னொரு சிறு ஓட்டை, டார்ச் அடிக்க. வெறுமனே பார்த்தால் இருட்டு, டார்ச்சைப் போட்டதும் முகம் தெரியும்.

இதில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய், "உங்களுக்கு யாரைப் பார்க்கணும்னு ஆசை?" என்று ரகசியமாகக் கேட்டு, அந்தப் படத்தை ஆல்பத்திலிருந்து எடுத்து வைக்க வேண்டும். தாத்தா யாரைச் சொல்கிறார் என்பதைக் கேட்கவாவது இந்தப் பெட்டியைச் செய்யுங்கள்.

4. சமையல், நான்கு பேருக்கு

புளிக்காய்ச்சலைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். எலுமிச்சை அளவு புளியைக் கரைத்துக்கொள்ளுங்கள். நாலு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, வேர்க்கடலை, ஆறு காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, கரைசலை ஊற்றி மஞ்சளும் உப்பும் போட்டு, எண்ணெய் பிரிகிற வரை சுண்டவிடுங்கள். ஒரு ஸ்பூன் மல்லி, ஒரு ஸ்பூன் எள், கால் ஸ்பூன் வெந்தயம் மூன்றையும் வறுத்துப் பொடித்துக் கடைசியில் சேருங்கள். ஒன்றரை ஆழாக்கு அரிசியை உதிரியாக வடித்து, ஆறவைத்துப் பிசறினால் சாயங்காலத்துக்குள் நன்றாக ஊறிவிடும்.

சொஜ்ஜிக்கு ஒரு கப் ரவை, இரண்டரை கப் தண்ணீர், ஒன்றே கால் கப் சர்க்கரை, கால் கப்புக்குக் குறையாமல் நெய். ரவை வெந்த பிறகுதான் சர்க்கரை போட வேண்டும். முன்னால் போட்டால் ரவை வேகாது.

பஜ்ஜியைச் சூடாகத்தான் சாப்பிட வேண்டும். வாழைக்காயைச் சீவி உப்புத் தண்ணீரில் போட்டுவையுங்கள். ஒரு கப் கடலை மாவு, இரண்டு மேசைக்கரண்டி அரிசி மாவு, மிளகாய்த்தூள், உப்பு எல்லாவற்றையும் கலந்து தயாராக வைத்துக்கொண்டு, தண்ணீரை மட்டும் கடைசியில் ஊற்றுங்கள். பூரியை நான் விட்டுவிடுகிறேன், ஒரே இரவில் இரண்டு எண்ணெய்ப் பண்டம் வேண்டாம்.

5. பந்தி

பாட்டுக்குப் பத்து நிமிடம் முன்னால் படத்தை நிறுத்தி 'இடைவேளை' விடுங்கள். எல்லோரும் அடுப்படிக்கு வர வேண்டும். ஒருவர் பஜ்ஜி போட, மற்றவர்கள் டிவிக்கு முன்னால் பாய் விரித்து இலை போடட்டும். அம்மா மட்டும் அடுப்படியில் நின்று சத்தத்தை மட்டும் கேட்பது என்றால் இந்த ஏற்பாடே தேவையில்லை. இலையில் எல்லாம் விழுந்த பிறகுதான் படத்தை ஓட்ட வேண்டும். லட்டு தானாகப் பறந்து கடோத்கஜன் வாய்க்குள் போகும்போது உங்கள் வீட்டுக் குட்டிக் கடோத்கஜர்கள் கிரீடத்தோடு வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வாய் ஊட்டிவிடுங்கள்.

மாயப் பெட்டியைப் படம் முடிந்த பிறகு சுற்றுக்கு விடுங்கள், நடுவில் எடுத்தால் படம் நின்றுவிடும். புளியோதரை மீந்தால் மறுநாள் காலைக்கு ஆகும். கதாயுதத்தைக் கொல்லைப்புற ஈரத்தில் வைக்காமல் பரண்மேல் போட்டுவையுங்கள். அடுத்த மாதம் எந்தப் படம் என்பதைப் பிள்ளைகளே சொல்லட்டும், அதில் ஒரு சாப்பாட்டுக் காட்சியாவது இருக்க வேண்டும் என்பது மட்டும் நம் நிபந்தனை.