திறந்த ஜீப்புக்கு ரோல் பார் போடுகிறீர்களா?

மூணாறு, தேவிகுளம், பூப்பாறை பக்கம் திறந்த ஜீப் வைத்திருக்கும் நண்பர்களுக்கு இது. ரோல் பார் என்றால் வண்டி உருண்டால் ஆளைக் காக்க இருக்கைக்குப் பின்னால் நிறுத்தும் இரும்புக் கம்பி வளைவு. அதைப் போட்டால் வண்டிக்குத் தனி கம்பீரம்தான். ஆனால் வெறும் தரைத் தகட்டில் நாலு போல்ட் போட்டு நிறுத்தாதீர்கள். வண்டி உருண்டால் கம்பி தகட்டைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கிவிடும். ரோல் பாரின் கால்களை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு பிணைக்கச் சொல்லுங்கள். முடியாத இடத்தில் அடியிலும் கனமான இரும்புத் தகடு கொடுத்து இறுக்க வேண்டும்.

தண்ணீர்க் குழாய்க்கு வரும் ஜிஐ பைப் வேண்டவே வேண்டாம். 1.75 அங்குல விட்டம், 3 மி.மீ. கனமுள்ள சீம்லெஸ் பைப், அதாவது நீளவாக்கில் ஒட்டு இல்லாத பைப் கேளுங்கள். பிரதான வளைவு ஒரே பைப்பில், மூலையில் நசுங்காமல் வர வேண்டும். பின்பக்கம் இரண்டு தாங்கு கம்பி, குறுக்கே ஒரு சாய்வுக் கம்பி. உட்கார்ந்தால் தலைக்கு மேல் 3 அங்குலமாவது இடைவெளி இருக்கட்டும். தலை இடிக்கும் இடத்தில் கெட்டியான ஃபோம் உறை.

அப்புறம் சீட் பெல்ட். அது இல்லையென்றால் வண்டி உருளும்போது ஆள் வெளியே வீசப்படுவார், ரோல் பார் எப்படிக் காப்பாற்றும்?

வெல்டிங் பட்டறைக்குப் போகும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். வண்டியின் அமைப்பை மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு கட்டுப்பாடு வைத்திருக்கிறது.