இம்ப்ரோவ் நகைச்சுவை நிகழ்ச்சிக்கு நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை

எழுதி வைத்த வசனம் எதுவும் இல்லாமல், பார்வையாளர் சொல்லும் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மேடையிலேயே காட்சியை உருவாக்குவது இம்ப்ரோவ் நகைச்சுவை. இதற்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது வழக்கமான நாடகத் தேர்வின் முறைகள் பாதிதான் கைகொடுக்கும். நாடகத்தில் பாத்திரம் முன்பே தயாராக இருப்பதால் அதற்குப் பொருந்துபவரைத் தேடினால் போதும். இங்கே பாத்திரத்தையும் கதையையும் நடிகர்களே சேர்ந்து அந்த நொடியில் உண்டாக்க வேண்டியிருக்கிறது. ஒருவரைத் தனியாக நிறுத்தி மனப்பாடமான பகுதியைப் பேசச் சொன்னால் அவருடைய குரலும் நினைவாற்றலும் தெரியவரும். எதிரில் நிற்பவர் சொன்னதை அவர் காதில் வாங்குகிறாரா என்பது மட்டும் கடைசிவரை தெரியாது.

அறிவிப்பு வெளியிடுவதற்கு முன்பே, எந்த வடிவத்துக்கு ஆள் எடுக்கிறோம் என்பதை முடிவு செய்துவிட வேண்டும். சிகாகோவில் நாடகப் பயிற்சியாளர் வயோலா ஸ்போலின் உருவாக்கிய நாடக விளையாட்டுகளின் வழியிலும், நாடக இயக்குநர் கீத் ஜான்ஸ்டன் 1977-இல் கனடாவின் கால்கரியில் தொடங்கிய, குழுக்கள் மோதும் தியேட்டர்ஸ்போர்ட்ஸ் போட்டியின் வழியிலும் வந்த, சிறு சிறு விளையாட்டுகளாக நடக்கும் குறுவடிவ நிகழ்ச்சிகளில், ஒரு விளையாட்டின் விதியைக் கேட்டவுடன் பிடித்துக்கொள்ளும் வேகமும் பார்வையாளரோடு நேரடியாகப் பேசும் துணிச்சலும் தேவைப்படும். இம்ப்ரோவ் ஆசிரியர் டெல் குளோஸ் வளர்த்தெடுத்த ஹெரால்டு போன்ற, காட்சிகள் ஒன்றோடொன்று பின்னி நீளும் நெடுவடிவத்தில் ஒரே காட்சிகள் அரை மணி நேரத்தில் திரும்பத் திரும்ப வரும் என்பதால், முதல் காட்சியில் போகிற போக்கில் சொல்லப்பட்ட பெயரை மூன்றாம் முறை வரும்போது நினைவில் வைத்திருக்கும் பொறுமைதான் முக்கியம். நெடுவடிவக் குழுவுக்கு விளையாட்டுகளை மட்டும் வைத்துத் தேர்வு நடத்துவது, மாரத்தானுக்கு நூறு மீட்டர் ஓட்டத்தில் ஆள் பிடிப்பதைப் போன்றது.

விண்ணப்பப் படிவத்தைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளலாம். ஒத்திகைக்கு வாரத்தில் எந்த நாட்களில் வர முடியும், உடலில் காயமோ வேறு வரம்போ உண்டா, மேடையில் தொடுவதிலோ குறிப்பிட்ட பொருள்களைப் பேசுவதிலோ தயக்கம் உண்டா என்ற கேள்விகள் கட்டாயம் இருக்க வேண்டும். திறமையானவர், ஆனால் ஒத்திகைக்கு வர இயலாதவர் என்று பிறகு தெரியவருவது எல்லோருக்கும் வீண் வேலை.

முதல் சுற்றில் ஒரு தொகுதிக்கு எட்டுப் பேர், ஒரு மணி நேரம் என்ற அளவு வசதியானது. பத்துப் பேரைத் தாண்டினால் ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் மிகவும் குறைந்துவிடுகிறது. ஒவ்வொருவரும் எண் அட்டை அணியட்டும். மூன்று பேர் உட்கார்ந்து குறிப்பெடுக்கட்டும். பயிற்சிகளை நடத்துபவர் நான்காவது ஆளாக இருக்கட்டும், ஏனெனில் நடத்திக்கொண்டே மதிப்பிடுவது இரண்டையும் கெடுக்கும். முதல் பத்து நிமிடம் வார்ம்-அப். அதையும் கவனிப்போம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை. அடுத்து இருவர் காட்சிகள், ஒவ்வொன்றும் இரண்டு அல்லது மூன்று நிமிடம். ஒருவருக்குக் குறைந்தது இரண்டு வெவ்வேறு ஜோடிகள் அமைய வேண்டும், இல்லாவிட்டால் பலவீனமான துணையின் சுமை அவர் தலையில் விழுந்துவிடும். இறுதியில் எட்டுப் பேரும் சேர்ந்து, காட்சிகளைத் தாங்களே தொடங்கி முடிக்கும் பதினைந்து நிமிட ஆட்டம் ஒன்றை வைக்க வேண்டும்.

எதைக் கவனிப்பது என்பதில்தான் பெரும்பாலான தேர்வுகள் தடம் புரள்கின்றன. ஒருவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, “அண்ணா, தண்ணீர் முதல் படிவரை வந்துவிட்டது” என்று காட்சியைத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். துணை நடிகர், “படியா? நாம் விண்கலத்தில் அல்லவா இருக்கிறோம்!” என்கிறார். அறை சிரிப்பில் அதிர்கிறது. ஆனால் முதலாமவர் கட்டிய வீடு, உறவு, ஆபத்து மூன்றும் அந்த ஒரு வரியில் போய்விட்டன, அவர் இனி ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். அதே வரிக்கு இன்னொருவர், “அப்படியானால் அம்மாவின் தையல் இயந்திரத்தை முதலில் மாடிக்கு ஏற்று, போன தடவை அதை விட்டுவிட்டு உன் கிதாரைத்தானே தூக்கிக்கொண்டு ஓடினாய்” என்கிறார். சிரிப்பு சற்றுக் குறைவாக வரலாம். ஆனால் சொன்னதை ஏற்றுக்கொண்டதோடு, பழைய மனத்தாங்கலையும், தம்பி விளையாடுவதற்கு ஒரு குணத்தையும் அவர் கொடுத்துவிட்டார். அடுத்த மூன்று நிமிடத்துக்குப் போதுமான சரக்கு அதில் இருக்கிறது. நான் தையல் இயந்திரத்தைச் சொன்னவரையே எடுப்பேன், விண்கலம் என்றவர் எவ்வளவு சிரிக்கவைத்தாலும்.

காட்சியில் இல்லாதவர்களையும் பார்க்க வேண்டும். ஓரத்தில் நிற்பவர் தன் முறைக்காக மனத்துக்குள் நகைச்சுவை தயாரித்துக்கொண்டிருக்கிறாரா, அல்லது நடப்பதைக் கவனித்து, தேவைப்பட்ட நொடியில் ஓடிவந்து கதவாகவோ தொலைபேசிக் குரலாகவோ உதவிவிட்டு உடனே விலகிக்கொள்கிறாரா என்பது அவரைப் பற்றி நிறையச் சொல்லும். காட்சி உச்சத்தைத் தொட்டதும் மேடையின் குறுக்கே ஓடி (காட்சி முடிந்தது என்பதற்கு அதுவே சைகை) அதை முடித்துவைப்பவர் குழுவுக்குக் கிடைத்த வரம். நன்றாகப் போகும் காட்சிக்குள் எல்லாம் நுழைபவரிடம் எச்சரிக்கை தேவை.

ஐந்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுவதால் பயன் குறைவு. மாலையில் பார்க்கும்போது எல்லோரும் மூன்றரையில் நிற்பார்கள். “ஏழாம் எண், துணை மறந்த பெயரை எடுத்துக் கொடுத்தார்” என்று நடந்ததை நடந்தபடி எழுதினால் விவாதத்துக்கு ஒரு பிடி கிடைக்கும். தேர்வாளர்களின் நண்பர்கள் அறையில் இருக்கக் கூடாது, அவர்களுடைய சிரிப்பு மதிப்பீட்டை இழுத்துச் சென்றுவிடும். முதல் காட்சியில் பதற்றத்தால் தடுமாறியவருக்கு இன்னொரு வாய்ப்பு கொடுக்கலாம். ஆனால் துணையின் உடலைக் கேட்காமல் கையாள்பவர், ஒருவரின் சாதி, நிறம், உடற்குறை ஆகியவற்றையே சிரிப்புக்கு எடுத்துக்கொள்பவர் ஆகியோர் எவ்வளவு திறமைசாலிகளாக இருந்தாலும் அடுத்த சுற்றுக்கு அழைக்கத் தேவையில்லை. அத்தகைய காட்சியை நடத்துபவர் பாதியிலேயே நிறுத்திவிட வேண்டும்.

குழுவுக்குத் தேவையான எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்குப் பேரை இரண்டாம் சுற்றுக்கு அழைத்து, ஏற்கெனவே குழுவில் இருப்பவர்களோடு கலந்து முழு நிகழ்ச்சியாகவே ஆடவைப்பது நல்லது. இந்தக் கட்டத்தில் தனிப்பட்ட தரவரிசையைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டுச் சேர்க்கையைப் பார்க்க வேண்டும். விசித்திரமான பாத்திரங்களோடு பாய்ந்து வருபவர்கள் மட்டுமே நிறைந்த குழுவில், “இங்கே என்ன நடக்கிறது?” என்று இயல்பாகக் கேட்டு நிற்க ஆள் இல்லாததால் எதுவுமே விசித்திரமாகத் தெரியாது. அமைதியாக நின்று காட்சிக்கு அடித்தளம் கொடுப்பவர் பட்டியலில் ஆறாவதாக இருந்தாலும், அவரை உள்ளே கொண்டுவருவதில் தயங்க வேண்டியதில்லை. வயதும் வாழ்க்கை அனுபவமும் வேறுபட்டவர்கள் கலந்திருந்தால் காட்சிகளின் உலகமும் விரியும்.

முடிவைச் சொல்வதாக அறிவித்த நாளில், தேர்வானவர், தேர்வாகாதவர் இரு தரப்புக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். காரணம் கேட்பவர்களுக்கு, எடுத்து வைத்த குறிப்புகளிலிருந்து குறிப்பான ஒன்றிரண்டு வரிகளைத் தரலாம். தேர்வானவர்களுக்கு எத்தனை ஒத்திகை, எத்தனை நிகழ்ச்சி, ஊதியம் உண்டா, சோதனைக் காலம் எவ்வளவு என்பவற்றை அதே கடிதத்தில் எழுதி, அவர்களின் ஒப்புதல் வந்த பிறகே பெயர்களை வெளியிட வேண்டும்.