வண்ண அட்டையை வெயிலில் பார்க்காதீர்கள்

நெல் நடவு முடிந்து 14 நாள் ஆன வயலில், யூரியா போடலாமா என்று இலை வண்ண அட்டையை (வெளிர்பச்சை முதல் கரும்பச்சை வரை எண் போட்ட அட்டை) வைத்துப் பார்ப்போம் இல்லையா? அதை எங்கே நின்று பார்க்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இலைப் பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சாமல் திருப்பி அனுப்பும் பச்சைதான் நம் கண்ணுக்கு வருகிறது. யூரியா தரும் தழைச்சத்து குறைந்தால் பச்சையமும் குறையும். அப்போது சிவப்பும் கொஞ்சம் திரும்பி வந்து பச்சையோடு சேர, இலை வெளிர்மஞ்சளாகத் தெரியும். ஆனால் நேர் வெயிலில் இலையின் மினுமினுப்பே வெள்ளையாகக் கண்ணில் அடித்து, நல்ல கரும்பச்சையைக்கூட வெளுப்பாகக் காட்டிவிடும். நான் ஒரு குறுவையில் உச்சிவெயிலில் பார்த்துவிட்டு வீணாக ஒரு மூட்டை யூரியாவைக் கொட்டினேன். உரம் மிஞ்சியதால் அப்புறம் புகையான் பூச்சிதான் வந்தது!

காலை 8 முதல் 10 மணிக்குள், சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். உங்கள் நிழல் இலைமேலும் அட்டைமேலும் விழட்டும். மேலே முழுதாக விரிந்த இலையைக் கிள்ளாமல், அதன் நடுப்பகுதியை அட்டையில் வைத்துப் பாருங்கள். இப்படிப் பத்து இலை. ஆறு இலையோ அதற்கு மேலோ எண் 4-க்குக் கீழே இருந்தால் உரம் போடலாம். வெள்ளைப் பொன்னி நெல் ரகத்துக்கு மட்டும் எண் 3-க்குக் கீழே. ஒவ்வொரு வாரமும் ஒரே ஆள் பார்ப்பது நல்லது, கண்ணுக்குக் கண் பச்சை மாறும்.