மினியாபொலிஸில் முதல் குளிர்காலத்தைத் தாண்டுவது எப்படி?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இருக்கும் மினியாபொலிஸுக்குக் குடிவருகிறவர்கள் வாடகையைக் கேட்பதற்கு முன், காரை எங்கே நிறுத்துவது என்று கேளுங்கள். பெரும்பனி விழுந்தால் நகராட்சி பனி அவசரநிலை அறிவிக்கும். முதல் நாள் இரவு 9 மணியிலிருந்து முக்கியச் சாலைகளில் கார் நிற்கக் கூடாது. இரண்டாம் நாள் காலை 8 மணியிலிருந்து மற்ற தெருக்களில் இரட்டைப்படைக் கதவிலக்கப் பக்கம் காலியாக இருக்க வேண்டும்; மூன்றாம் நாள் ஒற்றைப்படைப் பக்கம். எனக்கு இந்தக் கணக்கு பிடிபடுவதற்குள் காரை இழுத்துப் போய்விட்டார்கள். செருப்புக் காலோடு ஓடிப் போய்ப் பார்த்தால், வெள்ளைத் தெருவில் கார் நின்ற அளவுக்கு மட்டும் கறுப்பாகத் தார் தெரிந்தது.

கோட்டு, பூட்ஸை ஊரிலிருந்து சுமந்து வராதீர்கள். மினசோட்டாவில் துணிமணிக்கு விற்பனை வரி கிடையாது. ஜனவரியில் மைனஸ் 20 டிகிரி செல்சியஸுக்குக்கூட இறங்கும். மூச்சை இழுத்தால் மூக்கு முடி விறைக்கும். நகர மையத்தில் வேலை என்றால் பிழைத்தீர்கள். கட்டடங்களை மாடி உயரத்தில் இணைக்கும் ஸ்கைவே பாலங்கள் வழியே கோட்டு இல்லாமலே மதியச் சாப்பாட்டுக்குப் போய் வரலாம்.

ஜூனில் ஹாரியட் ஏரிக்கரையில் இரவு 9 மணிக்கும் வெளிச்சம் இருக்கும். கொசுவும் இருக்கும்.